ஜிப்சியின் ஸ்டீயரிங் பால் ஜாயிண்ட்: எது தேய்ந்தது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. இலை மூட்டை ஏற்ற 1998 மாடல் ஜிப்சி கிங் வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக ஸ்டீயரிங்கில் ஆட்டம் அதிகம். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ‘டக் டக்’ என்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு நாலு பால் ஜாயிண்டும் மாற்ற வேண்டும் என்கிறார். இதை நானே வீட்டில் மாற்றலாமா?

பதில்:

மாற்றலாம் தம்பி. ஜிப்சியில் இது ஒரு நாள் வேலை, அதிலும் பாதி நேரம் துரு பிடித்த நட்டோடு போகும். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் எந்த ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று உங்கள் கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் இருந்தேன். நாலையும் மாற்றிய பிறகும் ஆட்டம் போகாமல் திரும்பி வந்த ஜிப்சிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் வேறு இடத்தில் இருந்திருக்கும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் கடையில் இதனாலேயே தப்பான சாமான் கைக்கு வரும். முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளில் சக்கரத்தையே தாங்கி நிற்கிற பால் ஜாயிண்ட் கீழே மட்டுமோ மேலும் கீழுமோ இருக்கும். ஜிப்சிக்கு அது கிடையாது. 1985 கடைசியில் ஜிப்சி வந்தபோதும், 1996-ல் பெரிய எஞ்சினோடு கிங் வந்தபோதும் முன்பக்கம் ஒரே இரும்பு ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், இரு முனையிலும் சக்கரத்தைத் தாங்கித் திரும்புகிற உருண்டை வடிவ நக்கிள் என்கிற அமைப்புதான். சக்கரம் திரும்புவது கிங் பின் பேரிங் மேல். உங்கள் மெக்கானிக் பால் ஜாயிண்ட் என்று சொல்வது டை ராடு எண்டைத்தான். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து நீட்டியிருக்கும் கையான டிராப் ஆர்மிலிருந்து நக்கிள் பக்கம் போகும் டிராக் லிங்க்கில் இரண்டு, இரண்டு சக்கரத்தையும் சேர்த்துக் கட்டுகிற டை ராடில் இரண்டு, ஆக நாலு.

இந்த நாலும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. டை ராடு கழன்றால் ஒரு சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும், இன்னொரு சக்கரமாவது ஸ்டீயரிங் பேச்சைக் கேட்கும். டிராக் லிங்க் கழன்றால் ஸ்டீயரிங்கை எவ்வளவு சுற்றினாலும் இரண்டு சக்கரமும் அசையாது. குஞ்சப்பனை இறக்கத்தில் லோடோடு வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டிராக் லிங்க் முனைகளை முதலில் பாருங்கள்.

சோதிப்பது எப்படி? வண்டியைத் தூக்காதீர்கள். சமதளத்தில் நாலு சக்கரமும் தரையில் நிற்கட்டும், எஞ்சின் அணைந்திருக்கட்டும். வீட்டில் யாரையாவது ஸ்டீயரிங் முன் உட்காரவைத்து, இடமும் வலமும் நாலு விரல் அளவுக்கு விட்டுவிட்டு ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டின் மேலும் கையை வையுங்கள். விரல் பாதி எண்டின் உடம்பிலும் பாதி நக்கிள் கண்ணிலும் (எண்டின் போல்ட் நுழைகிற துளை உள்ள முனை) இருக்க வேண்டும். நல்ல ஜாயிண்டில் இரண்டும் ஒன்றாக நகரும். தேய்ந்ததில் ஒன்று முதலில் நகர்ந்து, ஒரு நொடி கழித்துத்தான் மற்றது வரும். அந்த ‘டக்’ விரலில் தெரியும். கண்ணைவிட விரல் நம்பகமானது. டிராப் ஆர்மில் ஆரம்பித்து அந்தப் பக்கச் சக்கரம் வரை வரிசையாகப் போங்கள். ஸ்டீயரிங் சுற்றுகிறது, டிராப் ஆர்ம் அசையவே இல்லை என்றால் ஆட்டம் ஸ்டீயரிங் பாக்ஸிலோ அதற்கு மேலே ஷாஃப்ட் ஜாயிண்டிலோ இருக்கிறது. பாக்ஸின் போல்ட்டே சேஸியில் தளர்ந்து பாக்ஸ் மொத்தமாக ஆடுவதும் உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடிகாரத்தின் மூன்று, ஒன்பது மணி இடத்தில் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பெரும்பாலும் டை ராடு எண்டு. பன்னிரண்டு, ஆறு மணி இடத்தில் மேலும் கீழுமாக ஆடினால் பால் ஜாயிண்டைக் குற்றம் சொல்லாதீர்கள். அது வீல் பேரிங் அல்லது கிங் பின் பேரிங். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின். நேர்ச் சாலையில் ஐம்பது, அறுபதில் போகும்போது ஒரு குழியில் விழுந்த உடனே ஸ்டீயரிங் கையில் நிற்காமல் படபடவென்று உதறுகிறது என்றால், அதற்கும் கிங் பின் பேரிங் தளர்ந்திருப்பது பல நேரம் காரணமாக இருக்கும். புது எண்டு போட்டால் அந்த உதறல் கொஞ்ச நாள் அடங்கியது போலிருந்து மறுபடி வரும்.

பக்கத்து வீட்டில் பழைய மஹிந்திரா ஜீப் இருந்தால் அவருக்கும் இதைச் சொல்லுங்கள்: அந்தக் காலத்து ஜீப்களில் நடுவில் பெல் கிராங்க் என்று ஒரு துண்டு உண்டு. டிராக் லிங்க் அதைத் தள்ளும், அதிலிருந்து இரண்டு டை ராடு இரண்டு சக்கரத்துக்கும் போகும். அதன் பின்னும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டால் எல்லா ஜாயிண்டும் கெட்டுப்போனது போலவே தோன்றும்.

நம் மலையில் இந்த ஜாயிண்ட் ஏன் சீக்கிரம் போகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எண்டின் உள்ளே ஓர் எஃகு உருண்டை, அதைக் கவ்விப் பிடிக்கிற ஒரு கிண்ணம், அடியில் ஸ்பிரிங், சுற்றிலும் கிரீஸ், வாயை மூட ஒரு ரப்பர் பூட். பூட் முழுசாக இருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. பூட்டில் ஒரு கீறல் விழுந்ததும் சேறும் தண்ணீரும் உள்ளே போகும், கிரீஸ் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும், உருண்டையில் துரு ஏறும். துருவேறிய உருண்டை அரம் மாதிரி. கிண்ணத்தை அதுவே அராவித் தின்றுவிடும். கோத்தகிரியில் ஆடியிலும் நனைகிறோம், ஐப்பசி கார்த்திகையில் அதைவிட அதிகமாக நனைகிறோம். இதோடு இன்னொன்று: தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவில் முன்னும் பின்னும் எடுக்கும்போது, வண்டி நின்ற நிலையிலேயே ஸ்டீயரிங்கைக் கடைசி வரை முறுக்குகிறோம். ஜாயிண்டின் மேல் அதைவிடப் பெரிய பாரம் வேறு எதுவும் இல்லை. சக்கரம் ஓர் அடியாவது உருளும்போது திருப்பினால் அந்தப் பாரம் வெகுவாகக் குறையும். அகல டயர் மாட்டிய வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம்.

சரி, எந்த எண்டு என்று தெரிந்துவிட்டது. சாமான் வாங்கப் போகும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று மரை. டை ராடின் ஒரு முனையில் வழக்கமான ரைட் மரை, மறு முனையில் லெஃப்ட் மரை. ராடைச் சுழற்றினால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் வெளியே வரவோ உள்ளே போகவோ வேண்டும் என்பதற்காக அப்படி. அதனால் கடையில் ‘ஜிப்சி டை ராடு எண்டு’ என்று மட்டும் கேட்காதீர்கள்; லெஃப்ட்டா ரைட்டா என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, ஜிப்சியில் ஆரம்ப கால 410, அகல ஆக்ஸில் வந்த மாடல், கிங் என்று பல தலைமுறை ஓடுகிறது. முடிந்தால் பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய், பக்கத்தில் வைத்து, மரையும் போல்ட்டின் கூம்பும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு வாங்குங்கள். மேட்டுப்பாளையத்தில் கிடைக்காவிட்டால் கோவையில் கிடைக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் நல்ல கம்பெனிச் சாமானாகவே வாங்குங்கள். மலிவு எண்டுகளில் முதலில் கிழிவது பூட்தான், பூட் போனால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

முந்தின நாள் ராத்திரியே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். அது இல்லையென்றால் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றினாலும் வேலை நடக்கும். வேலை செய்ய நிஜமான சமதளம் வேண்டும். நம் ஊரில் வீட்டு வாசலே சரிவாகத்தான் இருக்கும். தெரிந்த ஃபேக்டரி முற்றம் இருந்தால் அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக், கியர், பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது, ஆக்ஸிலுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு கட்டாயம்.

கழற்றுவதற்கு முன் அளவு எடுங்கள். இரண்டு எண்டின் கிரீஸ் முனைக்கும் நடுவே, மையத்திலிருந்து மையத்துக்கு, டேப் வைத்து அளந்து சுவரிலோ நோட்டிலோ எழுதுங்கள். எண்டு ராடுக்குள் போகிற இடத்தில் வெளியே தெரியும் மரையையும் எண்ணிக்கொள்ளுங்கள். எண்டு ராடில் சுழலாமல் இறுக்கிப் பிடிக்கிற லாக் நட்டின் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு. இந்த மூன்றும் இருந்தால் வண்டி முன்பிருந்த அலைன்மென்ட்டுக்கு ஏறக்குறைய திரும்பிவிடும். லாக் நட்டை, எண்டு இன்னும் நக்கிளில் மாட்டியிருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். கழற்றிய பிறகு ராடு கையில் சுற்றிக்கொண்டிருக்கும், பெஞ்ச் வைஸ் இல்லாமல் அந்த நட்டு அசையாது. லெஃப்ட் மரைப் பக்கம் திருப்பும் திசை தலைகீழ் என்பதை மறந்து இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் அதிகம்.

பிறகு, நட்டு கழலாமல் போல்ட்டின் துளையில் குறுக்கே போட்டிருக்கும் காட்டர் பின்னை நேராக்கி உருவுங்கள். கோட்டை வடிவ நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுக்கக் கழற்ற வேண்டாம். மூன்று நாலு மரையில் தொங்கட்டும்; ஜாயிண்ட் திடீரென்று விடும்போது ராடு முகத்தில் விழாமல் அது பிடித்துக்கொள்ளும். இப்போது கூம்பைப் பிரிக்க வேண்டும். புல்லர் இருந்தால் அதுதான் சிறந்தது. புல்லரை இறுக்கிவிட்டு, நக்கிள் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓர் அடி அடித்தால் ‘டப்’ என்று விட்டுவிடும். புல்லர் இல்லையென்றால் இரண்டு சுத்தியல் முறை: நக்கிள் கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, மறுபக்கம் இன்னொன்றால் ஓங்கி அடியுங்கள். கண் ஒரு மயிரிழை நசுங்கி விரிவதில் கூம்பு பிடியை விடும். அடி கண்ணின் மேல்தான் விழ வேண்டும். போல்ட்டின் தலையில் அடித்தால் மரை நசுங்கும், ஜாயிண்ட் வராது. முள்கரண்டி மாதிரி இருக்கும் ஃபோர்க்கை இடுக்கில் விட்டு அடிப்பதும் உண்டு. அது பூட்டைக் கிழித்துவிடும் என்பதால், தூக்கிப்போடப் போகிற எண்டுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் வைத்துச் சுடலாமா என்று சிலர் கேட்பார்கள். சுடாதீர்கள். நக்கிள் ஆர்ம் பதம் ஏற்றிய எஃகு. சிவக்கச் சுட்டால் பதம் போய்விடும், பிறகு அது வளைவதோ விரிசல் விடுவதோ வெளியே தெரியாது.

புது எண்டை அதே எண்ணிக்கை மரைக்கு ஏற்றி, எழுதி வைத்த மைய அளவை மறுபடி பாருங்கள். பழைய எண்டும் புதியதும் நீளத்தில் லேசாக வேறுபடலாம். அப்போது மரை எண்ணிக்கையை விட்டுவிட்டு மைய அளவையே நம்புங்கள்.

இப்போது சொல்வதுதான் நான் கற்றுக்கொண்டதிலேயே முக்கியமானது. அந்த எண்டைப் பிடித்து வைத்திருப்பது நட்டு இல்லை, கூம்பு. கூம்பான போல்ட் கூம்பான துளைக்குள் இறுகிக் கவ்விக்கொள்கிறது, நட்டு அதை உள்ளே இழுத்து உட்காரவைக்கிறது. அதனால் துளையின் உட்புறம் துருவோ பழைய கிரீஸோ மணலோ இல்லாமல் காய்ந்த துணியால் பளிச்சென்று துடைத்திருக்க வேண்டும். கூம்பில் கிரீஸ் தடவாதீர்கள். எண்டைத் துளையில் வைத்துக் கையால் ஆட்டிப் பாருங்கள். சுற்றிலும் ஒட்டி உட்கார வேண்டும், ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் துளையில் எத்தனை புது எண்டு போட்டாலும் தளரும், ஆர்மைத்தான் மாற்ற வேண்டும். நட்டை இறுக்கும்போது போல்ட் சேர்ந்து சுற்றினால், எண்டின் அடியில் ஜாக்கியை வைத்து லேசாக மேலே தள்ளுங்கள். கூம்பு கவ்விக்கொண்டு சுற்றுவது நிற்கும்.

சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கிய பிறகு, நட்டின் பள்ளமும் போல்ட்டின் துளையும் நேர்கோட்டில் வரவில்லையென்றால், அடுத்த பள்ளம் வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். பின் போடுவதற்காக நட்டைப் பின்னால் தளர்த்தவே கூடாது. காட்டர் பின் புதிதாக இருக்க வேண்டும், துளைக்குச் சரியான பருமனில். ஒரு ஐப்பசி மழையில், குஞ்சப்பனைக்கு மேலே எஸ்டேட் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தேன். ஸ்டீயரிங் வழக்கத்தைவிட லேசாக இருப்பதுபோல் பட்டது. ஓரம் கட்டிக் கீழே படுத்துப் பார்த்தேன். டிராக் லிங்க்கின் நட்டு கடைசி இரண்டு மரையில் நின்றது. அதற்கு முந்தின வாரம் வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் எண்டு மாற்றியிருந்தார்கள். காட்டர் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது, அது அறுந்திருந்தது. அன்றைக்குக் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு யார் வேலை செய்த வண்டியாக இருந்தாலும், ஒவ்வொரு பின்னையும் நானே படுத்துப் பார்க்காமல் இறக்கத்தில் எடுத்ததில்லை. ஆணி, கம்பி, பழைய பின் எதையும் அந்தத் துளையில் விடாதீர்கள். நைலான் நட்டு வந்த சாமானாக இருந்தால், அந்த நட்டு ஒரு முறைக்குத்தான்.

லாக் நட்டை இறுக்குமுன் ராடை முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். இரண்டு முனை ஜாயிண்டும் அவற்றின் அசைவின் நடுவில் இருக்கும்போது லாக் நட்டு இறுக வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் சாய்ந்த நிலையில் இறுக்கிவிட்டால், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஜாயிண்ட் முட்டிக்கொள்ளும், புது எண்டு சீக்கிரம் போகும். இதைப் பல மெக்கானிக்குகளே கவனிப்பதில்லை.

கிரீஸ் நிப்பிள் இருந்தால் பூட் லேசாக உப்பும்வரை அடியுங்கள், அதற்கு மேல் அடித்தால் பூட் கிழியும். நிப்பிள் இல்லாத மூடிய வகைக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக டோ, அதாவது முன்சக்கரம் இரண்டும் முன்னால் எவ்வளவு உள்நோக்கி நிற்கின்றன என்கிற அளவு. இதை விட்டுவிட்டால் இரண்டே மாதத்தில் முன் டயரின் ஓரம் ரம்பப்பல் மாதிரி தேயும். கீழே இறங்கி அலைன்மென்ட் மெஷினில் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அங்கே போகும் அளவுக்கு வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். இரண்டு முன் டயரின் நடுவிலும் சாக்பீஸால் ஒரு குறி, டயரின் முன்பக்கம், ஆக்ஸில் உயரத்தில். இரண்டு குறிக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். வண்டியை முன்னால் தள்ளுங்கள், அதே குறிகள் அரைச் சுற்று சுற்றிப் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரட்டும். மறுபடி அளவு. அதே குறியையே இரண்டு இடத்திலும் அளப்பதால் ரிம் கோணலாக இருந்தாலும் கணக்கு கெடாது. முன் அளவு பின் அளவைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். எத்தனை என்பதை உங்கள் மாடலின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். முன் அளவு அதிகமாக இருந்தால் வண்டி நேராக நிற்காமல் அலையும். ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால் அதை டிராக் லிங்க்கின் நீளத்தில் சரிசெய்யுங்கள், டை ராடில் கை வைக்காதீர்கள். டை ராடு இரண்டு சக்கரத்துக்கும் இடையிலான கணக்கு, ஸ்டீயரிங்கின் நேர்நிலை டிராக் லிங்க்கின் கணக்கு.

முதல் ஓட்டம் லோடில்லாமல், கட்டபெட்டு பக்கம் மெதுவாக. திரும்பி வந்ததும் மறுபடி கீழே படுத்து நாலு பின்னையும் லாக் நட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். ஒரு வாரம் எஸ்டேட் ரோட்டில் ஓடிய பிறகு லாக் நட்டில் மட்டும் இன்னொரு முறை ஸ்பேனர் வையுங்கள், புதிதில் அது ஒரு பிடி இறங்கும். மேட்டுப்பாளையம் இறக்கத்துக்கு அதற்குப் பிறகு லோடு ஏற்றிக்கொள்ளலாம். சோதனையில் பன்னிரண்டு–ஆறு ஆட்டம் தெரிந்தால் மட்டும் எண்டு எதையும் வாங்காமல் எழுதுங்கள். கிங் பின் பேரிங்குக்கு நக்கிளையே பிரிக்க வேண்டும், அதைத் தனியாகச் சொல்கிறேன்.